ஒலியே இல்லாதபோதும் செவி நரம்பு ஏன் துடிக்கிறது?

கேள்வி இதுதான்: முழு அமைதியிலும் செவி நரம்பு துடித்துக்கொண்டே, அதாவது மூளைக்குச் சிறு மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றால், அந்த இரைச்சல் ஒலிச் செய்தியைக் கெடுக்காதா? அல்லது சிலர் எழுதுவதுபோல, இரைச்சல் சேர்ந்தால் காது இன்னும் நன்றாகக் கேட்குமா?

இங்கே இரண்டு வேறு சங்கதிகள் ஒரே சொல்லுக்குள் சிக்கிக் கிடக்கின்றன. மின்விசிறி, பேருந்து, கூட்டத்தின் பேச்சு என்று வெளியிலிருந்து காதுக்குள் வருவது ஒன்று. அது எல்லா நரம்பிழைகளையும் ஒருசேர ஆட்டுகிறது. பெரும்பாலும் ஒலியை மறைக்கவே செய்கிறது. இன்னொன்று காதுக்குள்ளேயே, ஒவ்வொரு இழையிலும் தனித்தனியாக எழும் தடுமாற்றம். செவி நரம்பு ஒலியைக் குறியீடாக்குவதே இந்த இரண்டாவதை நம்பித்தான். அது நல்லது செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஓர் இழையின் தடுமாற்றத்துக்கும் பக்கத்து இழையின் தடுமாற்றத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இரைச்சல் எவ்வளவு என்பதைவிட, அது பொதுவானதா தனித்தனியானதா என்பதே முக்கியம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாக விளங்கும்.

முதலில் அமைப்பு. மனிதக் காக்ளியாவில், அதாவது நத்தைச்சுருளில், ஒலியசைவை மின்செய்தியாக மாற்றும் உள் மயிர்ச்செல்கள் ஏறத்தாழ 3,500. மூளைக்குப் போகும் நரம்பிழைகள் ஏறத்தாழ 30,000. ஒரு செல்லிலிருந்து சராசரியாக எட்டு, ஒன்பது இழைகள் கிளம்புகின்றன. ஆனால் ஓர் இழை ஒரே ஒரு செல்லைத்தான், அதுவும் ஒரே ஓர் இணைப்பில்தான் தொடுகிறது. அந்த இணைப்பில் குளூட்டமேட் என்ற, செய்தி கடத்தும் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் ஒரு ரிப்பன் போன்ற அமைப்பைச் சுற்றி வரிசையில் நிற்கின்றன. பெரும்பாலும் ஒரு நுண்பை வெடித்தாலே இழையில் ஒரு துடிப்பு பிறந்துவிடும். மற்ற நரம்புகளில் பல இணைப்புகளின் விளைவு கூடிச் சராசரியாகும். இங்கே அந்த வாய்ப்பு கிடையாது. ஒரு மூலக்கூறு அளவிலான தற்செயல் நிகழ்வு, குறையாமல் கூடாமல், மூளைக்குப் போகும் துடிப்பாகிறது.

இந்தத் தற்செயல் மூன்று இடங்களில் நுழைகிறது. முதலாவது, மயிர்ச்செல்லின் உச்சியில் ஒலிக்கு அசையும் மயிர்க்கற்றையின் வெப்ப நடுக்கம். தவளையின் செவிப்பையில் உள்ள மயிர்க்கற்றையின் விறைப்பு மீட்டருக்கு ஒரு மில்லிநியூட்டன் அளவில் இருக்கிறது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 4.1 × 10⁻²¹ ஜூல். இதை விறைப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2 நானோமீட்டர் வரும். ஒலி இல்லாமலே கற்றை இவ்வளவு ஆடுகிறது. கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியோ மயிர்ச்செல்களைத் தாங்கும் அடித்தளச் சவ்வை ஒரு நானோமீட்டருக்கும் குறைவாகவே அசைக்கிறது. 1998-இல் ஹராமில்லோவும் வீசன்ஃபெல்டும் தவளையின் மயிர்ச்செல்லில் வேண்டுமென்றே நடுக்கத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மெல்லிய அசைவு மின்னோட்டமாக மிகத் தெளிவாக மாறியது, நடுக்கம் இயற்கையான வெப்ப நடுக்கத்தின் அளவையொட்டி இருந்தபோதுதான்.

இரண்டாவது இடம் மேலே சொன்ன இணைப்பு. பாலூட்டிகளில் இதுவே ஆகப் பெரிய பங்கு. செல் ஓய்வில் இருக்கும்போதே, அதன் சவ்வில் கால்சியம் நுழையும் வாயில்களில் சில திறந்து மூடிக்கொண்டிருக்கும். திறக்கும்போதெல்லாம் நுண்பை வெடிக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வோர் இணைப்புக்கும் தனக்கென்று ஒரு கொத்து வாயில்கள் இருப்பதால், ஒரே செல்லில் கிளம்பும் இழைகள்கூடத் தத்தம் போக்கில் துடிக்கின்றன. மூன்றாவது, இழையின் சவ்விலுள்ள சோடியம் வாயில்களின் தற்போக்கு. இதனால் துடிப்பு கிளம்பத் தேவையான மின்னளவு ஒவ்வொரு முறையும் சில சதவீதம் மாறும். இயல்பான காதில் இது சிறியது. காக்ளியர் இம்பிளான்ட் (நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டும் செவிக் கருவி) பொருத்திய காதில் கிட்டத்தட்ட எஞ்சியிருப்பது இது மட்டும்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தடுமாற்றம் எப்படி உதவும்? சல்லடையை நினைத்துப் பாருங்கள். மாவைக் கொட்டிவிட்டு ஆட்டாமல் வைத்தால் கண்ணிகளின் மேலேயே தங்கிவிடும். தட்டினால் இறங்கும். வேகமாக ஆட்டினால் மாவும் தவிடும் சேர்ந்து வெளியே சிதறும். வாசல் வைத்த, அதாவது ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் பதில் தரும் எந்த அமைப்பும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. எண்களில் பார்க்கலாம். வாசல் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் அலையின் வீச்சு 0.2 மட்டுமே, தானாக ஒருபோதும் வாசலைத் தாண்டாது. அதனுடன் இயல்நிலைப் பரவல் கொண்ட இரைச்சலைச் சேர்த்து, அலையின் முகட்டில் 1000 முறையும் பள்ளத்தில் 1000 முறையும் பார்க்கிறோம்.

இரைச்சலின் திட்ட விலக்கம் 0.2 என்றால் முகட்டில்கூட ஆயிரத்துக்கு ஒரு தாண்டல் கிடைக்காது. 0.3 என்றால் முகட்டில் 4, பள்ளத்தில் ஏறக்குறைய எதுவுமில்லை. 0.5 ஆக்கினால் முகட்டில் 55, பள்ளத்தில் 8. 0.7 ஆனால் 126, 43. 1 ஆனால் 212, 115. 2 வரை ஏற்றினால் 345, 274. இரு எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை அவற்றின் சொந்தத் தடுமாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது முறையே 2.7, 8.5, 9.5, 8.4, 4.8 (0.3-இலிருந்து எண்ணினால்). ஏறி, உச்சம் தொட்டு, இறங்குகிறது. இதற்குத்தான் ஸ்டோக்காஸ்டிக் ரெசொனன்ஸ் என்று பெயர், தமிழில் தற்போக்கு ஒத்ததிர்வு எனலாம். பனியுகங்கள் திரும்பத் திரும்ப வருவதை விளக்க 1981-இல் பென்ஸி, சுதேரா, வுல்பியானி ஆகியோர் கொண்டுவந்த கருத்து இது. 1993-இல் நன்னீர் இறாலின் தொடு உணர் நரம்பில் செய்த சோதனை இதை உயிரியலுக்குள் கொண்டுவந்தது.

இந்த ஒற்றை வரைபடத்தை வைத்துக்கொண்டு “இரைச்சல் கேட்கும் திறனைக் கூட்டும்” என்று எழுதிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. ஆரோக்கியமான காதில் உள் இரைச்சல் ஏற்கெனவே இழையை வேலை செய்யும் நிலையில் நிறுத்திவைத்திருக்கிறது. சல்லடை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து மேலும் இரைச்சல் கொடுத்தால் பெரும்பாலும் வரைபடத்தின் இறங்குமுகப் பக்கமே போவோம். ஆய்வகத்தில் காட்டப்பட்ட மேம்பாடுகள் சிறியவை. குறுகிய நிபந்தனைகளில் மட்டும் கிடைப்பவை. உண்மையான ஆதாயம் ஓர் இழையில் இல்லை, பல இழைகளைச் சேர்த்து எண்ணும்போதுதான் இருக்கிறது.

சராசரியாக வினாடிக்கு 60 முறை தானாகத் துடிக்கும் ஓர் இழையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிவினாடியில் 6 துடிப்பு வரும். துடிப்புகள் பாய்சான் பரவலை ஒட்டி விழுவதால் திட்ட விலக்கம் சராசரியின் வர்க்கமூலம், அதாவது 2.4 இருக்கும். மெல்லிய ஒலி ஒன்று வந்து இதை 7.2 ஆக்குகிறது. வித்தியாசம் 1.2, அதாவது தடுமாற்றத்தில் பாதி. இந்த ஓர் இழையை வைத்து ஒலி வந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இப்போது 16 இழைகளைக் கூட்டுவோம். 96 என்பது 115.2 ஆகிறது. வித்தியாசம் 19.2. இழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தடுமாறினால் திட்ட விலக்கம் 9.8 மட்டுமே. வித்தியாசம் தடுமாற்றத்தைப் போல இரு மடங்கு, அதாவது தெளிவு 2. ஆனால் 16 இழைகளும் ஒன்றாகத் தடுமாறினால் திட்ட விலக்கமும் 39 ஆகிவிடும். ஓர் இழைக்கு மேல் எந்த லாபமும் இல்லை.

இடைப்பட்ட நிலைதான் இன்னும் கண்ணைத் திறப்பது. இழைகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1) வெறும் 0.1 என்று வையுங்கள். 16 இழைகளில் தெளிவு 2-இலிருந்து 1.2-க்கு இறங்கிவிடுகிறது. அதன் பிறகு இழைகளை ஆயிரம், பத்தாயிரம் என்று கூட்டிக்கொண்டே போனாலும் 1.55-ஐத் தாண்டாது. சிறிதளவு பொதுத் தடுமாற்றம்கூட 30,000 இழைகளை ஒரு கைப்பிடி இழைகளின் மதிப்புக்குக் குறுக்கிவிடும். அதனால்தான் 1976-இல் ஜான்சனும் கியாங்கும் பூனையின் செவி நரம்பில் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளைப் பதிவுசெய்து, அவற்றின் தன்னியல்புத் துடிப்புகள் புள்ளியியல்படி சார்பற்றவை என்று காட்டியது இத்துறையின் அடித்தளக் கண்டுபிடிப்புகளில் ஒன்று என்பேன்.

அடுத்து, நேரக் குறியீடு. ஒரு நரம்பிழை துடித்தபின் ஏறத்தாழ முக்கால் மில்லிவினாடிக்கு மறுபடி துடிக்கவே முடியாது. தொடர்ச்சியாக வினாடிக்குச் சில நூறு துடிப்புகளுக்கு மேல் தாங்காது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒவ்வொரு சுழற்சியையும் ஓர் இழை எப்படிக் காட்டும்? காட்டாது. ஓர் உரலில் இரண்டு பேர் உலக்கை மாற்றி மாற்றிக் குத்தும்போது, ஒருவர் கையால் முடியாத வேகத்தில் உரலில் அடி விழுகிறதல்லவா? 1930-களில் வீவரும் பிரேயும் முன்வைத்த கருத்து இதுதான். ஒவ்வோர் இழையும் சில சுழற்சிகளைத் தவறவிடும், ஆனால் துடிக்கும்போது அலையின் ஒரே கட்டத்தில் துடிக்கும். எல்லா இழைகளையும் சேர்த்தால் முழு அலையும் வந்துவிடும்.

உலக்கை குத்துபவர்களுக்கு முறை தெரியும். இழைகளுக்கு முறை சொல்லுபவர் யார்? யாருமில்லை, தற்செயல்தான். இணைப்பில் நடக்கும் குலுக்கலே ஓர் இழையை இந்தச் சுழற்சியிலும் இன்னொன்றை அடுத்த சுழற்சியிலும் துடிக்கவைக்கிறது. தடுமாற்றமே இல்லாவிட்டால் ஒரே மாதிரியான இழைகள் எல்லாம் ஒரே சுழற்சியில் துடித்து, ஒன்றாக ஓய்வுக்குப் போய், ஒன்றாகத் திரும்பும். நரம்பு முழுவதும் ஓர் இழையின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

தன்னியல்புத் துடிப்பு அதிகமுள்ள இழைகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. மிக மெல்லிய, தாழ்ந்த அதிர்வெண் ஒலி வரும்போது துடிப்பு எண்ணிக்கை கூடாது; ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் துடிப்புகள் மட்டும் அலையின் ஒரு பக்கமாக ஒதுங்கும். எண்ணிக்கை உயரத் தொடங்கும் ஒலியளவைவிட 10 முதல் 20 டெசிபல் கீழேயே இந்த ஒதுங்கல் தெரிந்துவிடும். ஓய்வில் துடிப்பே இல்லாத இழையால் இதைச் செய்ய முடியாது. ஒதுக்குவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. பூனையில் இந்தக் கட்டப் பிணைப்பு ஒரு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தளரத் தொடங்கி, 4–5 கிலோஹெர்ட்ஸில் மறைகிறது. கூகை ஆந்தை இதை 9 கிலோஹெர்ட்ஸ் வரை இழுத்துச் செல்கிறது.

எல்லா இழைகளும் ஒரே அளவில் துடிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1978-இல் லிபர்மன் பூனையின் இழைகளை மூன்றாகப் பிரித்தார்: வினாடிக்கு அரைத் துடிப்புக்கும் கீழே, 0.5 முதல் 18 வரை, 18-க்கு மேலே. மூன்றாவது வகையே ஏறத்தாழ 60 சதவீதம்; அதில் சில 100 வரை போகும். அதிகம் துடிப்பவை மெல்லிய ஒலியிலேயே விழித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மேல் 20, 30 டெசிபலுக்குள் நிரம்பிவிடும். குறைவாகத் துடிப்பவை தாமதமாக விழித்து, உரத்த ஒலிவரை மெல்ல ஏறிக்கொண்டே போகும். சந்தைக்குள் நின்று ஒருவர் பேச்சைக் கேட்கிறீர்கள் என்றால், அதிகம் துடிக்கும் இழைகள் சுற்றுப்புற இரைச்சலாலேயே ஓரளவு நிரம்பிக் களைத்துவிடும். பேச்சின் ஏற்ற இறக்கத்தைச் சுமக்கும் பொறுப்பு குறைவாகத் துடிப்பவற்றுக்கு நகர்கிறது.

இங்கேதான் கவலைக்குரிய ஒன்று வருகிறது. 2009-இல் குஜாவாவும் லிபர்மனும் சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் இரைச்சலை 2 மணி நேரம் கேட்கவைத்தார்கள். சில வாரங்களில் கேட்கும் வாசல் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் உயர் அதிர்வெண் பகுதியில் மயிர்ச்செல்–நரம்பு இணைப்புகளில் பாதி வரை நிரந்தரமாகப் போயிருந்தன. பின்னர் கினிப் பன்றிகளில், முதலில் இழக்கப்படுபவை பெரும்பாலும் குறைவாகத் துடிக்கும் இழைகள் என்று தெரிந்தது. ஆடியோகிராம் என்ற வழக்கமான செவித்திறன் சோதனை அமைதியான அறையில் மெல்லிய ஒலியைத்தான் சோதிக்கிறது. அதற்கு மிச்சமுள்ள இழைகள் போதும். மேலே பார்த்த கணக்கின்படி இழைகள் பாதியானால் தெளிவு √2 மடங்கு குறைகிறது, அதாவது 30 சதவீத இழப்பு. அமைதியில் இது தெரியாது, கூட்டத்தில் தெரியும். சோதனையில் எல்லாம் சரி என்று வந்தபின்னும் “சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை” என்று ஒருவர் சொன்னால் அதை மனப்பிரமை என்று தள்ளக் கூடாது.

காக்ளியர் இம்பிளான்ட் விஷயத்தில் இதே இயற்பியல் தலைகீழாக நிற்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்குப் பொருத்தப்படுவதால் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு இந்தக் கருவி பழக்கம். 12 முதல் 22 வரை மின்முனைகள் நேரடியாக நரம்பிழைகளுக்குப் பல்ஸ் கொடுக்கின்றன. மயிர்ச்செல்கள் அழிந்துவிட்டதால் இணைப்பின் குலுக்கல் போய்விட்டது. தன்னியல்புத் துடிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஓர் இழை “துடிக்கவே இல்லை” என்ற நிலையிலிருந்து “ஒவ்வொரு பல்ஸுக்கும் துடிக்கிறது” என்ற நிலைக்கு ஓரிரு டெசிபலுக்குள் தாவிவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 1000 பல்ஸ் கொடுத்தால் நரம்பின் கூட்டுத் துடிப்பு ஒன்றுவிட்டு ஒன்று பெரிதும் சிறிதுமாக மாறிமாறி வருவதை 1990-களில் அளந்தார்கள். இழைகள் ஒன்றாகத் துடித்து ஒன்றாக ஓய்வெடுக்கின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

இரைச்சலைத் திருப்பிச் சேர்த்தால்? 1996-இல் மோர்ஸும் எவன்ஸும், மின் தூண்டலோடு இரைச்சலைச் சேர்க்கும்போது உயிரெழுத்து ஒலிகளின் அடையாளம் நரம்புத் துடிப்புகளில் தெளிவாவதைக் காட்டினார்கள். ஆனால் ஒரு மின்முனையில் சேர்க்கும் இரைச்சல் அதன் அருகிலுள்ள ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் ஒரே இரைச்சலாகவே போய்ச் சேரும். மேலே கண்ட 16 இழைக் கணக்கில் எது கெடுதலோ அதுவே இது. 1999-இல் ரூபின்ஸ்டீனும் கூட்டாளிகளும் வேறு வழி யோசித்தார்கள்: வினாடிக்கு 5000 என்ற வேகத்தில், செய்தி எதுவும் இல்லாத பல்ஸ்களைத் தொடர்ந்து கொடுப்பது. பல்ஸ் இடைவெளி 0.2 மில்லிவினாடி, இழையின் ஓய்வு நேரத்தைவிடக் குறைவு. எந்தப் பல்ஸில் எந்த இழை மீண்டு துடிக்கும் என்பதை அந்தந்த இழையின் சோடியம் வாயில்களின் தடுமாற்றமே தீர்மானிக்கும். சிறிது நேரத்தில் இழைகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, தன்னியல்புத் துடிப்பு போன்ற ஒன்றை உருவாக்குகின்றன. இரைச்சலை ஊட்டாமல், நரம்புக்குள் எஞ்சியிருக்கும் சார்பற்ற இரைச்சலை வெளியே கொண்டுவரும் யோசனை இது. எனக்குத் தெரிந்து இப்பிரச்சினைக்கு வந்த யோசனைகளில் மிக அழகானது. விலையும் உண்டு: மின்கலம் விரைவில் தீரும், நரம்பு பழகிப்போய்த் தளரும், பக்கத்து மின்முனைகளோடு குறுக்கீடு வரும். அதனால் வழக்கமான அமைப்பாக இன்னும் மாறவில்லை.

காதிரைச்சல் நோயையும் இதோடு இணைக்கும் கருதுகோள் ஒன்று உண்டு: செவியிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளைத்தண்டு தன் உள் இரைச்சலைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது, அந்தக் கூட்டலே ஒலியாகக் கேட்கிறது என்று. கருதுகோள் என்ற அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கணினியில் செய்துபார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வழி. காலப் படி 0.05 மில்லிவினாடி. துடிப்பு வீதத்தை 60 × (1 + 0.5 சைன்) என்று வையுங்கள், அதிர்வெண் 500 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியிலும் வீதத்தைப் படியால் பெருக்கினால் துடிப்பதற்கான நிகழ்தகவு வரும், சராசரியாக 0.003. 0 முதல் 1 வரையிலான தற்போக்கு எண் அதைவிடச் சிறியதாக இருந்தால் துடிப்பு என்று குறித்து, அடுத்த 0.75 மில்லிவினாடிக்குத் தடை போடுங்கள். சராசரி வீதம் 57 அளவில் வரும். ஒலி இல்லாமல் ஓட்டினாலும் ஏறக்குறைய அதே எண்தான். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு ஒலி வந்ததே தெரியாது. ஒவ்வொரு துடிப்பையும் அலையின் கட்டக் கோணத்தில் ஓரலகு அம்பாக வைத்து, எல்லாவற்றையும் கூட்டி, நீளத்தைத் துடிப்பு எண்ணிக்கையால் வகுங்கள். கிடைக்கும் பிணைப்பு வலிமை 0.25-ஐ ஒட்டி வர வேண்டும்.

அதிகம் பேர் தவறுவது இந்த எண்ணில்தான். துடிப்புகள் குறைவாக இருந்தால், எந்தப் பிணைப்பும் இல்லாத தற்போக்குத் துடிப்புகளும் பொய்யான வலிமையைக் காட்டும்; சராசரியாக 0.89-ஐ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. 20 துடிப்புகளில் அது 0.2. எனவே 20 துடிப்புகளை வைத்து 0.25 கிடைத்தது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. எண்ணிக்கையின் இரு மடங்கை வலிமையின் வர்க்கத்தால் பெருக்குங்கள், 13.8-ஐத் தாண்டினால்தான் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான தற்செயல் என்று சொல்லலாம். 0.25 வலிமைக்கு இதன் பொருள் குறைந்தது 111 துடிப்புகள், அதாவது இந்த இழையில் சுமார் 2 வினாடிப் பதிவு. அவ்வளவு நேரம் காது காத்திருப்பதில்லை. அது 50 இழைகளை ஒரே நேரத்தில் பார்த்து 40 மில்லிவினாடியில் அதே எண்ணிக்கையை எட்டிவிடுகிறது. உங்கள் நிரலிலும் 50 இழைகளை ஓட்டிப்பாருங்கள். ஆனால் எல்லா இழைகளுக்கும் தற்போக்கு எண்ணை ஒரே விதையிலிருந்து (seed, எண் வரிசையின் தொடக்க எண்) எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஐம்பதும் ஒரே இழையின் பிரதிகளாகிவிடும். 111 துடிப்புகள் இருப்பதாகத் தெரியும், உண்மையில் இருப்பது இரண்டோ மூன்றோதான்.